கடல் கடந்து பணிக்குப் போகிறவர்களின் பண்டிகைக் கேள்விகள்

2017 பெப்ரவரி முதல் 2023 ஜூன் வரை தன்சானியாவில், பாகமோயோவுக்கு அருகே ஒரு கத்தோலிக்கப் பங்கில், பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். மட்டக்களப்பு தாண்டவன்வெளிக்குத் திரும்பிய பிறகு, மறைப்பணிக்குப் புறப்படுகிற இளைஞர்கள், அருட்சகோதரிகள், சில போதகர்களின் மனைவிமார் என்று பலரும் வீட்டுக்கு வந்து போகிறார்கள். விசா, தடுப்பூசி, மொழி எல்லாவற்றையும் கேட்டு முடித்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "ரீச்சர், பொங்கலுக்கு அங்கே என்ன செய்தீர்கள்?" பிறகு இன்னும் அரைமணி நேரம் நின்றபடியே பேசுவோம். அப்படிக் கேட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊழியத்துக்கென்று போன பிறகு ஊர்ப் பண்டிகையை நினைத்து ஏங்குவது பிழையா?

பிழையில்லை. மட்டக்களப்பு நகரில் வில்லியம் ஓல்ட் அவர்களின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த ஊழியர். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அவர் கையால் ஆனது. வரும் வழியிலேயே அவருடைய மனைவி கப்பலில் இறந்துவிட்டார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் இந்த மண்ணில் கண்மூடினார். அப்படியானால் மட்டக்களப்பில் அவர் கண்ட நத்தார் ஒன்றே ஒன்றுதான். நம் ஊரின் டிசம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: மாரி மழை, நிரம்பிய வாவி, வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகள். அந்த இரவில் அவர் தம் வீட்டை நினைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நினைத்திருந்தால் அவருடைய அழைப்பில் ஒரு குறையும் இல்லை.

ஏக்கத்தை மறைத்து வைத்தவர்களைத்தான் நான் பயத்தோடு பார்த்திருக்கிறேன். நாள் முழுவதும் வேலையில் ஒளிந்துகொண்டு, இரவில் சாப்பிடாமல் படுத்துவிடுவார்கள். ஒரு சுண்டு அரிசி பொங்கியிருந்தால் அந்த நாள் வேறு மாதிரிப் போயிருக்கும்.

எல்லாப் பண்டிகையையும் கொண்டாட வேண்டுமா?

வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றை முழுமையாகச் செய்யுங்கள். மற்றவற்றை ஒரு செபத்தோடும் ஒரு வாய் இனிப்போடும் கடந்துவிடுங்கள். நான் எப்போதும் தைப்பொங்கலையே சொல்வேன். முற்றத்தில் சமைப்பது, எல்லோரும் பார்க்கக்கூடியது, சாப்பிடக்கூடியது. உழவு தெரிந்த எந்த நாட்டிலும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. "புதிய நெல் வந்திருக்கிறது, கடவுளுக்கு நன்றி சொல்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

அந்த நாளில் லீவு கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அந்த வாரத்தில் கேட்காதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வேலைத் திட்டம் போடும்போதே சொல்லிவிடுங்கள், பதிலுக்கு ஒரு நாளையும் கொடுங்கள். ஏப்ரல் 26 தன்சானியாவின் ஒன்றிய தினம். உடன் வேலை செய்த ஆசிரியைகள் ஊருக்குப் போவார்கள். அன்று பள்ளிக் கட்டடத்தையும் கோழிக் கூட்டையும் நான் பார்த்துக்கொண்டேன்; ஜனவரியில் எனக்கு அரை நாள் கிடைத்தது. யாருக்கும் மனக்குறை வரவில்லை.

மண்பானை, சர்க்கரை, பயறு எல்லாம் இங்கிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

முதல் பயணத்தில் நான் 11 கிலோ சாமான் கட்டினேன். மண்பானை டுபாயைத் தாண்டுவதற்குள் மூன்று துண்டாகிவிட்டது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் சுமந்துபோன பலவும் அங்கே முற்றத்திலேயே இருந்தன என்று.

கிழக்கு ஆபிரிக்கக் கரையில் தேங்காய்ப்பால் விட்டுச் சோறு சமைப்பார்கள். 'வாலி வா நாசி' என்று பெயர். தேங்காய் திருவுவதற்குச் சிறு பலகை ஆசனம் உண்டு, அதன் நுனியில் பல் வைத்த இரும்பு. நம் திருவலையேதான். அதை 'ம்புசி' என்கிறார்கள், சுவாகிலி மொழியில் ஆடு என்று பொருள். ஆட்டின் மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து திருவுகிறோம் அல்லவா! பாசிப்பயறுக்கு 'சொரோகோ', சர்க்கரைக்கு 'சுகாரி குரு', மண்சட்டிக்கு 'சுங்கு'. முந்திரிப்பருப்பு அங்கே விளைகிறது, ஏலக்காய் சந்தையில் கிடைக்கும். எல்லாவற்றிலும் என்னை அசைத்துவிட்டது அடுப்பு. மூன்று கல் வைத்து மூட்டுகிறார்கள். அந்தக் கற்களுக்கு 'மாஃபிகா' என்று தனிப்பெயரே இருக்கிறது. பக்கத்து வீட்டு மூதாட்டி தன் மூன்று கல்லைத் தூக்கி வந்து எங்கள் முற்றத்தில் வைத்தபோது, என் அம்மம்மா பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது.

ஆகவே எடுத்துப்போக வேண்டியது மிகக் கொஞ்சம்: ஒரு சுண்டு சிவப்புப் பச்சையரிசி, அதுவும் அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் மட்டும், ஒரு கொக்கிஸ் பலகார அச்சு, உங்கள் வீட்டு அகப்பை ஒன்று. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் அரிசி, விதை, இலை எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். அங்கே உயிரியல் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. நெய்ப் போத்தலைக் கைப்பையில் வைக்காதீர்கள்.

பொங்கல் பானையை எந்த நேரத்தில் வைப்பது? புத்தாண்டுப் புண்ணியகாலத்தை எந்த ஊர் நேரப்படி பார்ப்பது?

இரண்டுக்கும் கணக்கு வேறு. பொங்கல் சூரிய உதயத்தைச் சார்ந்தது. நீங்கள் நிற்கும் இடத்தில் சூரியன் எப்போது எழுகிறதோ அதுவே நேரம். ஜனவரி நடுவில் மட்டக்களப்பிலும் பாகமோயோவிலும் கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஆறே காலையொட்டி, சூரியன் எழும். ஆனால் நாம் அவர்களைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியவர்கள். நான் விறகு அடுக்கும்போது அம்மா வீட்டில் புக்கையைப் பரிமாறி முடித்திருப்பார். சுவாகிலி பேசுகிறவர்கள் உதயத்திலிருந்தே மணியை எண்ணுவார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி. விடியலில் நாள் தொடங்கும் அந்த ஊரில், விடியலில் பானை வைப்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

சித்திரைப் புத்தாண்டு அப்படியல்ல. சூரியன் மேட ராசிக்குள் புகுவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். பஞ்சாங்கத்தில் இலங்கை நேரம் போட்டிருந்தால் அதை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கோடைகால நேரம்: இலண்டனுக்கும் நமக்கும் ஜனவரியில் இடைவெளி 5 மணி 30 நிமிடம், ஏப்ரலில் 4 மணி 30 நிமிடம். சில ஆண்டுகளில் உங்கள் நாட்காட்டியில் ஏப்ரல் 13 மாலையே புத்தாண்டு பிறந்துவிடும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களும் கொஞ்சம் வேறுபடும். உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதைப் பாருங்கள்.

நாங்கள் குளிர் நாட்டில், மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வெளியே அடுப்பு மூட்ட முடியாது. என்ன செய்வது?

மின் அடுப்பில், யன்னலோரம், சிறிய பாத்திரத்தில் பொங்குங்கள். புகை எச்சரிக்கைக் கருவியை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். வீட்டுக்குள்ளோ மூடிய மாடத்திலோ கரி அடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

பால் பொங்கி வழிய விடுகிறோமே, பசியுள்ள ஊரில் அது வீணடிப்பு ஆகாதா?

இதைக் கேட்டவர் சொறிக்கல்முனையைச் சேர்ந்த ஓர் இளம் சகோதரி. நன்றாக யோசித்துக் கேட்ட கேள்வி. 2018இல் என் முதல் பொங்கலின்போது, பால் விளிம்புக்கு ஏறிய நேரத்தில் பள்ளிச் சமையற்காரம்மா ஓடிவந்து, வெறுங்கையால் பானையைத் தூக்கி இறக்கிவிட்டார். விரல் கொப்பளித்துவிட்டது. பாலைக் காப்பாற்றிய நிம்மதியோடு அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. "வழிய வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்" என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. மருந்து தேடப் போய்விட்டேன்.

அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு மாற்றம் செய்தேன். முந்திய நாளே எல்லோருக்கும் கதையைச் சொன்னேன்: களஞ்சியம் நிறைந்து வழிய வேண்டும் என்ற வேண்டுதலைப் பானை தன் மொழியில் சொல்கிறது என்று. சிறிய பானை, தேங்காய்ப்பால், வழிவது ஒரு கைப்பிடி அளவு, இவ்வளவு போதும். அந்தச் சமையற்காரம்மாவே, "இந்த முறை தூக்கமாட்டேன்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அரிசிமாக்கோலத்துக்கும் இதே கவனம் வேண்டும். மாவு கிலோவாக அல்லாமல் கோப்பையாக விற்கும் ஊரில் நான் வெள்ளைக் கடல்மணலால் கோலம் போட்டேன்.

தமிழர்கள் மட்டும் கூடிக் கொண்டாடலாமா, எல்லோரையும் அழைக்க வேண்டுமா?

தொலைவில் தமிழர் யாராவது இருந்தால் ஒரு நாள் போய்ச் சேர்ந்திருங்கள். தாய்மொழியில் சண்டை போடுவதற்காவது ஆள் வேண்டும். ஆனால் நீங்கள் பணி செய்யும் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடாதீர்கள். மணம் மதில் தாண்டிப் போகும், அழைப்பு போகவில்லை என்றால் அது மனத்தில் தங்கிவிடும். பத்துப் பேர் போதும்: கூட இருப்பவர்கள், பக்கத்து வீட்டார், விறகு தந்தவர், தண்ணீர் சுமந்தவர்.

அழைத்தவர்களை வேடிக்கை பார்க்க உட்கார வைக்காதீர்கள், வேலை கொடுங்கள். 2019 பொங்கலில் பால் எழுந்தபோது, பழக்கதோஷத்தில் நான் குரவையிட்டேன். நம் ஊரில் கண்ணகி அம்மன் குளிர்த்தியில் கேட்கும் அதே குரவை. கத்தோலிக்கப் பெண்ணாக இருந்தாலும் கேட்டு வளர்ந்த நாக்கு. நான் நிறுத்துமுன் முற்றத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் குரவையிட்டார்கள். அங்கே அதை 'விகெலெகெலே' என்கிறார்கள். திருமணத்திலும் பிள்ளைப்பேற்றிலும் திருப்பலியிலும்கூட ஒலிக்கும். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆறரை ஆண்டில் நான் மிகவும் மகிழ்ந்த கணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுக்கலாமா?

பணமாகக் கொடுக்காதீர்கள். முதல் ஆண்டில் மூன்று பிள்ளைகளுக்குத் தலா ஒரு நாணயம் கொடுத்தேன். மறுநாள் காலையில் வாசலில் நாற்பது பிள்ளைகள், சிலருடைய தாய்மாரும் கூட. நம் ஊரில் பெரியவர் கையால் வாங்கும் நாணயம் ஆசீர்வாதம்; வெளிநாட்டவர் கையிலிருந்து வரும்போது அது உதவித்தொகையாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. பங்குத்தந்தைதான் ஒரு மாதம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நாணயத்தை உடன் தங்கியிருந்தவர்களுக்குள் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொக்கிஸ்.

செலவை யார் தருவது? பங்குப் பணத்தில் செய்யலாமா?

கூடாது. உங்கள் படியிலிருந்து செய்யுங்கள். இயலாவிட்டால் அளவைக் குறையுங்கள். மறைப்பணிக்கென்று ஆயித்தியமலைத் திருவிழாவில் ஓர் ஏழைத் தாய் உண்டியலில் போட்ட காசு அது. முந்திரிப்பருப்புக்கு அதைத் தொடக்கூடாது.

படம் எடுத்து முகநூலில் போடலாமா?

பானையின் படத்தைப் போடுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் போடாதீர்கள். உங்கள் பிள்ளையின் படத்தை அறியாத ஒருவர் அப்படிப் போட்டால் எப்படி இருக்கும் என்பதே அளவுகோல்.

சித்திரைப் புத்தாண்டு பெரிய வெள்ளியில் வந்தால்?

எனக்கு அதுதான் நடந்தது. நான் போன 2017இல் ஏப்ரல் 14 பெரிய வெள்ளி. 2022இல் அதே நாள் பெரிய வியாழன். 2028இல் மறுபடியும் பெரிய வெள்ளி வருகிறது, இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்றால் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலகாரத்தை உயிர்ப்பு ஞாயிறுக்கு ஒத்திவைப்பார்கள். அதையே அங்கும் செய்யுங்கள். அன்று காலையில் பெரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆசி வாங்குங்கள், அதற்கு நோன்பு தடையில்லை. இனிப்பு ஞாயிறன்று.

2017இல் நான் யாருக்கும் சொல்லாமல் சிலுவைப் பாதையில் அழுதுகொண்டே நடந்தேன். ஆண்டவரின் பாடுகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்காகத்தான் அழுதேன். அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் முஸ்லிம்கள். நோன்பு மாதத்தில் பண்டிகை வந்தால் சாப்பாடு கொடுப்பது எப்படி?

மட்டக்களப்பாரும் அம்பாறையாரும் இதைக் கேட்கவே தேவையில்லை. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது மக்களோடு ஒரே பஸ்ஸில் போய் வந்து வளர்ந்தவர்கள் நாம். பகலில் அவர்கள் முன் சாப்பிடாமல், நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் மூடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது நமக்குத் தெரிந்த மரியாதை. பாகமோயோப் பக்கம் முஸ்லிம்கள் அதிகம். 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் ஏப்ரல் 14 நோன்பு மாதத்துக்குள் வந்தது. மாலையில் பாற்சோறு கொண்டுபோனேன். பேரீச்சம்பழத்தோடு பாத்திரம் திரும்பி வந்தது. 2030இல் தைப்பொங்கல் நோன்பு மாதத்தில் வரும். உதயத்தில் பொங்குங்கள், மாலையில் பகிருங்கள்.

பொங்கல் சூரிய வழிபாடுதானே? கிறிஸ்தவ ஊழியர் அதைச் செய்வது சரியா? எங்கள் போதகர் கூடாது என்கிறார்.

இதைக் கேட்பவர்கள் பயத்தோடு கேட்கிறார்கள், அதனால் கவனமாகச் சொல்கிறேன். இந்துச் சகோதரர்களுக்குப் பொங்கல் வழிபாடுதான். "அது வெறும் கலாசாரம்" என்று நாம் அவர்களுக்காகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நான் செய்வது அறுவடைக்குக் கடவுளுக்கு நன்றி செலுத்துவது. முதல் விளைச்சலைக் கூடையில் எடுத்து ஆண்டவர் முன் வைக்கச் சொல்கிறது இணைச்சட்டம் 26ஆம் அதிகாரம். உங்கள் வேதாகமத்தில் உபாகமம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் முன்மாரி நெல் அறுவடைக்கு வரும் மாதத்தில் அந்தக் கூடை பானையாகிறது. பானைக்குச் சிலுவை அடையாளம் இட்டு, அந்த அதிகாரத்தை வாசித்து, பிறகு அடுப்பு மூட்டுவேன். எங்கள் ஆலயங்களில் பொங்கல் நாளில் திருப்பலியும் உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையும் இந்தக் கேள்வியில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. மதுரையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ரொபேர்ட் தெ நோபிலியின் வழியை ஏற்று, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் புதுக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்க 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ற் அத்தகைய மரபுகள் மீதான கட்டுப்பாட்டை இறுக்கினார். சீனத்தில் முன்னோரை வணங்கும் மரபுகள் மீதிருந்த தடை 1939இல்தான் தளர்ந்தது. மக்களின் பண்பாட்டுக்கு வழிபாட்டில் இடம் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவாகச் சொன்னது. ஆகவே தயங்குகிறவரை அறியாதவர் என்று எண்ணாதீர்கள். உங்கள் சபை வேண்டாம் என்றால் அதை மீறி வெளிநாட்டில் செய்யாதீர்கள். அனுப்பியவர்களிடம் மறைத்துச் செய்யும் பண்டிகையில் நிம்மதி இருக்காது. சபையின் அறுவடைப் பண்டிகையில் ஒரு சட்டி சர்க்கரைச்சோறு வைக்க எந்தப் போதகரும் தடை சொன்னதை நான் கேட்டதில்லை.

நாங்கள் இந்துக்கள், சேவை அமைப்பு ஒன்றின் மூலம் போகிறோம். இந்தப் பதில்கள் எங்களுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், இராமகிருஷ்ண மிஷன் துறவியாக இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து 'பிரபுத்த பாரதம்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றியவர். நம் கடற்கரையில் வளர்ந்தவருக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்! உங்களுக்குப் புத்தாண்டில் தலையில் வைத்து நீராடும் மருத்துநீர்தான் சிக்கல். கோயில் இல்லாத ஊரில் கிடைக்கும் அறுகம்புல், துளசி, மஞ்சள் கொண்டு செய்துகொள்ளலாமா என்பதைப் புறப்படுமுன் உங்கள் குருக்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நான் வாய் திறப்பது முறையாகாது.

பண்டிகை நாளில் வீட்டோடு எவ்வளவு நேரம் பேசலாம்?

சமைத்துச் சாப்பிட்ட பிறகு, இருபது நிமிடம். முதல் பொங்கலில் நான் அடுப்பு மூட்டுமுன் அழைத்துவிட்டேன். மேலே நேரக் கணக்கில் சொன்னதுபோல் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. பின்னால் தம்பி பிள்ளைகளின் சத்தம், பட்டாசு, யாரோ அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். தொலைபேசியை வைத்ததும் கை ஓடவில்லை. விறகை உடன் இருந்த சகோதரிதான் அடுக்கினார். வெறும் வயிற்றோடு வீட்டை அழைக்காதீர்கள்.

நத்தார் எல்லா இடத்திலும் ஒன்றுதானே, அதில் என்ன சிரமம்?

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். பொங்கலில் வித்தியாசத்தை எதிர்பார்த்துப் போகிறோம், நத்தாரில் எதிர்பார்ப்பதில்லை. அதே குடில், அதே பாலன், அதே வானவர் கீதம். ஆனால் மழை இல்லை. நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடை பிடித்து, சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு போன பாதை இல்லை. கேக்கும் பலகாரமும் தட்டில் வைத்து இந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை இல்லை. அங்கே பிலாவு மணக்கிறது, பிள்ளைகள் புதுச் சட்டையோடு வெயிலில் ஓடுகிறார்கள்.

நத்தாரை முழுக்க அவர்களுடையதாக விட்டுவிடுங்கள். பாட்டு, சாப்பாடு, நேரம் எல்லாம் அவர்கள் வழக்கப்படி. உங்கள் வழக்கத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் தட்டு அனுப்புவதை வைத்துக்கொண்டேன்.

ஊரில் துயரம் நடந்த ஆண்டில் கொண்டாடுவதா?

2019 ஏப்ரல் 14 குருத்து ஞாயிறு, புத்தாண்டும் அன்றே. ஒரு வாரம் கழித்து உயிர்ப்பு ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் மறைக்கல்வி முடித்து நின்ற சிறுவர்களும் இருந்தார்கள். எனக்கு அங்கே விடிந்து கொஞ்ச நேரந்தான். உயிர்ப்புத் திருப்பலிக்கு வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தேன். அந்தச் சேலையோடு போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். எழுந்து நின்று பாட முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. நம் வழக்கத்தில் இழவு விழுந்த வீடு அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடாது என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னேன். அவர்களுக்கும் அது புரிந்தது. அந்த நாள் காலையில் மூதாட்டி வந்து, மூன்று கல்லையும் கூட்டிப் பெருக்கி, ஒன்றும் பேசாமல் என்னோடு உட்கார்ந்திருந்தார். கொண்டாடாமல் இருப்பதையும் சேர்ந்தே செய்யலாம் என்று அன்றுதான் அறிந்தேன்.

மகள் அங்கே, நான் இங்கே. பண்டிகை நாளில் எனக்கு ஒன்றும் இறங்குவதில்லை. என்ன செய்வது?

அம்மா, இதற்கு என்னிடம் மருந்து இல்லை. என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு சித்திரைக்கும் எனக்கென்று கொக்கிஸ் சுட்டு ரின்னில் போட்டு மூடி, நான் விடுமுறையில் வரும்வரை அலுமாரியில் வைத்திருப்பார். ஒரு முறை எட்டு மாதம் கழித்துத்தான் வந்தேன். சிக்குமணம் அடித்தது. இருவரும் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டோம். நீங்களும் சுட்டு வையுங்கள்.

எங்கள் பங்கில் அமெரிக்கத் தன்னார்வலர் ஒருவர் இருக்கிறார். நவம்பரில் ஏதோ நன்றியறிதல் நாளாம், வாடிப்போய் இருக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

நவம்பர் நான்காம் வியாழன். 1941இல் அமெரிக்கச் சட்டம் அந்த நாளை உறுதிசெய்தது. அதுவும் அறுவடைக்கு நன்றி சொல்லும் குடும்ப விருந்துதான். அவர்களுடைய பொங்கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அப்போது மாரி. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை மறந்த மட்டக்களப்பார் இருக்க முடியாது. அந்த நாள் நான்காம் வியாழன். கூரைகள் பறந்த அந்த இரவு, இங்கிருந்த அமெரிக்க இயேசு சபைக் குருக்களுக்கு நன்றியறிதல் நாளின் இரவு. அதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? 1948இல் வந்து, 2019 ஜனவரி முதலாம் நாள் இங்கேயே கண்மூடிய அருட்தந்தை பென் மில்லரைப் போன்றவர்கள், எத்தனை நவம்பர்களை நம்மோடு கழித்தார்கள்!

வான்கோழி தேடி அலைய வேண்டாம். நாட்டுக்கோழி ஒன்றை முழுதாகப் பொரித்து, பூசணிக்காயில் இனிப்பு ஏதாவது செய்து, மட்டக்களப்புத் தயிர்ச் சட்டி ஒன்றையும் வையுங்கள். அவருடைய வீட்டில் மேசையில் யார் முதலில் செபம் சொல்வார்கள் என்று கேளுங்கள். அந்தச் செபத்தை அவரையே சொல்லச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில், அவருடைய வழக்கப்படியே. தயவுசெய்து காரத்தைக் குறையுங்கள்.

திரும்பி வந்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

பொங்கல் பழையபடி ஆகிவிட்டது. டிசம்பர் 9 வருவதுதான் புதிது. 1961இல் அந்த நாளில் தங்கனீக்கா, அதாவது இன்றைய தன்சானியாவின் பெருநிலப் பகுதி, சுதந்திரம் பெற்றது; பாலர் பள்ளியில் பிள்ளைகள் கொடி வரைவார்கள். போன டிசம்பர் 9 அன்று இங்கே அடைமழை. ஏலக்காய் போட்டுத் தேங்காய்ப்பால் சோறு சமைத்தேன். என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கேட்டார். சொன்னேன். குடையோடு வந்து, ஈரக் காலோடு குசினியில் உட்கார்ந்து, ஒரு கோப்பை சாப்பிட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்.